மாம்பழ நிறத் துணி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகு வலி தேவலையா?

பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பயப்படாதே. ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு சூப்பர்சார்ஜர் மாட்டினேன். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி அது. போல்ட் உள்ளே விழாதிருக்கக் குழாய் வாயில் துணி அடைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கருவி துணியை விழுங்கி நின்றுபோனது.

ஃபோர்மேன் அண்ணன் கந்தலை உருவி, "யாரோடதுப்பா இது?" என்றார்.

கை துடைக்க நீ கிழித்துக் கொடுத்த மாம்பழ நிறச் சேலை.

"தெரியலண்ணே" என்றேன். மீதித் துண்டுகள் என் டூல்பாக்ஸ் மேலேயே கிடந்தன.

அவர் அதை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். "வீட்ல குடுத்ததப் போய் தெரியலன்னு சொல்றியே."

வேலைக்கு நேரமாகிவிட்டது. அடுத்த பார்சலில் உன் பழைய சேலை இன்னொன்று வை. அதைக் கிழிக்காதே.