கேசட்டில் இல்லாத கை

மட்டாஞ்சேரி, 1984

மச்சானுக்கு ஸலாம்.

துபாயிலிருந்து நீங்கள் பேசி அனுப்பிய கேசட் வந்தது. வீடு நிறைய ஆள் இருக்கும்போது மாமி போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் முழுக்க, பந்தாட்டத்தில் ஆட்டம் பார்க்கக் கமுகுமரத்தால் கட்டியிருந்த கேலரி சரிந்த அந்தப் பழைய கதைதான். "எடா மொய்து, அன்னிக்கு நீ என் கையைப் பிடிச்சே பாரு, விடவே இல்லடா!" கேட்டுக்கொண்டிருந்த உங்கள் கூட்டாளி மொய்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். டேப் தீரும் நேரத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை: "அவளுக்கு சுகம் தன்னே?"

அந்தக் கேலரி சரிந்தது நமது புதுமாப்பிள்ளை விருந்து நாளில். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து, பிரியாணியை ஆறவிட்டு மைதானத்துக்கு ஓடியவர் நீங்கள். நொண்டிக்கொண்டு திரும்பிய காலுக்குத் தைலம் தேய்த்தது எந்தக் கை? அது கேசட்டில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் பந்தாட்ட ஃபைனலுக்குப் போனேன். பக்கத்து வீட்டு நசீபா கூட்டிப்போனாள். கோல் விழுந்ததும் எல்லாரும் குதித்தார்கள், கேலரி மறுபடியும் சரிந்தது. எனக்கு ஒன்றுமில்லை. விழும்போது ஒரு கை என்னைப் பிடித்துக்கொண்டது. தரைக்கு வந்து சேரும்வரை விடவே இல்லை.

யார் கை என்று எழுதமாட்டேன். லீவு போட்டு வந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
சுகமாக இருப்பவள்