கட்டிலை வரைந்தவர்

அன்புள்ள அறிஞருக்கு,

இதைத் தயிர்சாத டப்பாவின் மேல் வைத்திருக்கிறேன். நூலகத்துக்குள் சாப்பிட விடமாட்டார்கள். காரில் உட்கார்ந்துதான் படிப்பீர்கள்.

போன மாதம் நம் வீட்டுக் கொலுவில், ப்ரியம்வதா மாமி கேட்டாரே என்று காம்போதியில் ஒரு பாட்டு பாடினேன். முடிந்ததும் நீங்கள் சிரித்தீர்கள். "அந்தக் காலத்து கிரேக்க ஞானி ஒருத்தர் சொல்லியிருக்கார் மாமி. கட்டில் செய்யற தச்சனுக்காவது ஏதோ தெரியும். கட்டிலைப் படமா வரையறவனுக்கு ஒண்ணுமே தெரியாது, பார்த்து காப்பி பண்றான். இவ பாட்டும் அப்படித்தான், கேசட்டைக் கேட்டு காப்பி." மாமி கையிலிருந்த சுண்டலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நான் பாடவில்லை. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை நம் பெண் வெண்பாவுக்குப் புத்தகம் எடுக்க நூலகத்துக்குப் போனேன். ஆபீஸ் போகிறேன் என்று கிளம்பிய நீங்கள், இஸ்திரி போட்ட சட்டையோடு, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். வேலை எப்போது போயிற்று என்று நான் கேட்கப்போவதில்லை. அன்று மாலை "ஆபீஸ் எப்படி இருந்துது?" என்று மட்டும் கேட்டேன்.

"ரிலீஸ் டைம். கிரீஷ் உயிரை வாங்கறான்" என்றீர்கள். மேனேஜரைத் திட்டும் இடத்தில் குரல் அழகாகக் குழைந்தது. ஆனால் போன வாரமும் இதே சங்கதிதான். கட்டிலை வரைகிறவர் கொஞ்சம் மாற்றி வரையலாம்.

கொலுவுக்கு வந்த எல்லோரையும் சனிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். பாட்டு கிடையாது. உங்களைத்தான் ஆபீஸ் கதை சொல்லச் சொல்வேன். கிரீஷும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவரை உங்களுக்கு நேர் எதிரே உட்கார வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகை