பேப்பர் பாதியில் விட்டவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

காலைப் பிரார்த்தனை, துணி, சமையல், கணக்கு எல்லாம் மதியத்துக்குள் முடிந்தது. இந்த வீடு வெங்காயத்தைத் தின்கிற வேகம்தான் புரியவில்லை.

வலைப்பூவில் யாரோ கேட்டிருந்தார்: "பேப்பரில் வந்த பழைய செய்திகளையே தேடிப் போய் எழுதுகிறீர்களே, ஏன்?" உண்மையைச் சொன்னால் சிரிப்பார்களோ? பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். பேப்பரில் யாருக்காவது துன்பம் என்று படித்தால் அந்தத் துண்டை வெட்டி, விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வேண்டிக்கொள்வேன். காணாமல் போன முதியவர், தீப்பிடித்த தையல்கடை, ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் குழந்தை. பேப்பரோ மறுநாளே வேறு ஆளைப் பற்றிப் பேசப் போய்விடும். முதியவர் கிடைத்தாரா, இல்லையா? கிடைத்துவிட்டவரையே இன்னும் தேடித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தால் ஆண்டவன் என்ன நினைப்பான்? திறந்த கணக்கை மூடாமல் என்னால் இருக்க முடியாது. அதனால் நேரில் போய் விசாரிக்க ஆரம்பித்தேன். மகள்தான் வலைப்பூ திறந்து கொடுத்து, "பிறகு என்ன ஆயிற்று?" என்று பெயரும் வைத்தாள்.

முதியவர் கிடைத்துவிட்டார். தங்கை வீட்டில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

மார்ச் 5, வியாழன்

டப்பாவின் அடியில் பள்ளிக்கூடச் செய்தி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளுக்கு வாந்தி, சமையல்காரி பணிநீக்கம். அவர் படமும் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் அப்போதே தேறிவிட்டார்கள், தெரியும். பக்கத்து வீட்டு அக்காவின் பேத்தியும் அதில் ஒருத்தி. அந்தப் படத்தில் இருக்கும் அம்மா என்ன ஆனார்?

அக்காவிடம் கேட்டேன். "அவளா? அவ கையால பச்சத் தண்ணிகூட வாங்க மாட்டேன். பேப்பர்லயே போட்டிருக்கான்ல?"

மார்ச் 7, சனி

சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்தவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "பேப்பரா?"

"இல்லம்மா, வலைப்பூ."

"எந்தப் பூவா இருந்தா என்ன, செருப்பை வெளியில விடு."

சுகாதார அலுவலகத்தின் அறிக்கையைக் கண்ணாடித்தாள் ஒட்டி, கைப்பையிலேயே வைத்திருக்கிறார். சாப்பாட்டில் கிருமி இல்லை, மாடியில் இருக்கும் குடிநீர்த் தொட்டியில்தான் இருந்தது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடமும் திரும்ப வரச் சொல்லியிருக்கிறது. பெற்றோர்கள்தான் கூட்டமாகப் போய் வேண்டாம் என்றுவிட்டார்கள். அறிக்கை வந்ததைப் பேப்பர் எழுதவில்லை. இப்போது சலவைக்கடையில் விரிப்பு மடிக்கிறார்.

"விரிப்புல விஷம் வைக்க முடியாதுல்ல, அதான் விட்டு வச்சிருக்காங்க" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு அடுப்பு வேணும் தங்கச்சி. வேற ஒண்ணும் வேணாம். முப்பது பேருக்காவது சமைக்கலைன்னா எனக்குக் கை கால் வெளங்காது."

டீ போட்டுக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 8, ஞாயிறு

எழுதி முடித்தேன். பிள்ளைகள் வாந்தியெடுத்ததில் தொடங்கி, பெற்றோர் கூச்சல், வேலை போனது என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் அறிக்கை. கதை சொல்கிறமாதிரி அமைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "நல்லாருக்கு. கொஞ்சம் நீளம்" என்றார்.

"உங்க குறட்டையைவிடவா?"

மார்ச் 10, செவ்வாய்

பதிவு பறக்கிறதாம். மகள் சொன்னாள். எல்லாம் அவன் அருள்.

மார்ச் 11, புதன்

சமையல்காரம்மா வாசலில் வந்து நின்றார். உள்ளே வர மறுத்துவிட்டார்.

"பேப்பர்ல போட்டப்ப பத்துத் தெருவுக்குத்தான் தெரியும். அவங்களும் மறந்துக்கிட்டு வந்தாங்க. நீ எழுதி ஊர் பூரா தெரிய வச்சுட்டே! சலவைக்கடைக்காரன் கேக்குறான், 'அந்த வாந்தி கேஸு நீதானா'ன்னு. உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? டீ தானே போட்டுக் கொடுத்தேன்?"

மகள் போனை எடுத்துக் காட்டினாள். ஊரே அனுப்பியிருப்பது என் பதிவின் முதல் மூன்று வரியும் பள்ளிக்கூடப் படமும். அவ்வளவுதான். "அம்மா, யாருமே உள்ள போய்ப் படிக்கல. மேல இருக்கிறதைப் பாத்துட்டு அப்படியே அனுப்பிட்டாங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. நான் என்ன பண்ணிட்டேன்? ஒழுங்கா வேண்டிக்கிட்டு மட்டும் இருந்திருக்கக் கூடாதா?

மார்ச் 12, வியாழன்

அந்தச் செய்தியை அன்று எழுதிய நிருபரைத் தேடிப் பேப்பர் ஆபீசுக்கே போய்விட்டேன். லிஃப்ட் ஓடவில்லை. படியெல்லாம் பழைய பேப்பர் கட்டுகள். என் மகளைவிடக் கொஞ்சம் பெரிய பெண். மேசையில் கடித்து வைத்த பன், தலைவலி மாத்திரை, இடைவிடாமல் அடிக்கும் போன்.

"ஓ, நீங்கதானா 'பிறகு' அம்மா! ஆபீஸ்ல உங்களை அப்படித்தான் சொல்றோம். எங்க எடிட்டருக்கு உங்க மேல ரொம்பப் பிரியம். பேரைக் கேட்டாலே பல்லைக் கடிப்பார்."

என் பதிவைப் படிக்கச் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"முக்கியமானதைக் கடைசியில வச்சிருக்கீங்களேம்மா. படிக்கிறவங்க எந்த வரியில எந்திரிச்சுப் போவாங்கன்னு நமக்குத் தெரியாது. முதல் வரியிலயே அவங்க மேல தப்பில்லைன்னு சொல்லிட்டா, அதோட எந்திரிச்சுப் போனாலும் நியாயத்தோட போவாங்க."

வலித்தது. சரி என்றும் தெரிந்தது. ஆனாலும் கேட்டேன்: "நீங்களும் சொல்லலையே?"

"அன்னைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பொய் எழுதல."

"தெரிஞ்ச பிறகு?"

பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "அறிக்கை வந்த அன்னைக்கு என்னை வேற வேலைக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் அது பழசாயிடுச்சு. எழுதணும்னு நினைச்சேன்... சத்தியமா. இப்ப நான் கொண்டுபோனாலும் 'இன்னைக்கு என்ன நடந்துச்சு?'ன்னு கேப்பாங்க. இன்னைக்குன்னு ஒண்ணு இருந்தாத்தான் அது செய்தி. அப்படி ஒண்ணைக் கொண்டு வாங்க, நான் சண்டை போடுறேன்."

மார்ச் 13, வெள்ளி

பதிவைத் திருப்பிப் போட்டேன். இப்போது முதல் வரி: "சமையலில் குற்றமில்லை, குடிநீர்த் தொட்டிதான் காரணம் என்று அறிக்கை வந்துவிட்டது." அதன் கீழே, நான் முதலில் வரிசை தப்பி எழுதியதால் ஒருவருக்குத் தலைக்குனிவு வந்தது என்றும் போட்டேன். படித்துச் சொல்ல சலவைக்கடைக்கே போனேன். சமையல்காரம்மா விரிப்பை மடித்துக்கொண்டே கேட்டார்.

"இப்பச் சரி. ஆனா என் தெருவுல யாரு போன்ல படிக்கிறாங்க? பேப்பர்ல வந்த கறை பேப்பர்லதான் போகணும்."

மார்ச் 16, திங்கள்

இன்று சாமி முன்னால் உட்கார்ந்து, "அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏதாவது நடக்கட்டும்" என்று வாய்வரை வந்துவிட்டது. பதறிப்போய், "கெட்டது அல்லாத ஏதாவது" என்று திருத்தினேன். பேப்பர்க்காரர்கள் தினமும் எதை வேண்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள்?

மார்ச் 18, புதன்

பக்கத்து வீட்டு அக்கா மாடியில் துணி காயப்போட்டபடி அலுத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவாம். என்னமோ பழைய தொட்டியை இறக்கிப் புதுசு வைக்கிறாங்களாம். பேத்தியை யாரு மேய்க்கிறது?"

"நான் மேய்க்கிறேன் அக்கா!" என்று கத்தியிருக்கிறேன். அவர் கையிலிருந்த கவ்வி கீழே விழுந்துவிட்டது.

உடனே நிருபருக்குப் போன். "போட்டோகிராபரோட வர்றேன்" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். தொட்டியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். சாய்த்ததும் அடியில் பச்சைச் சேறு. தலைமையாசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிருபர் அவரை விடவில்லை. அறிக்கை எப்போது வந்தது, பெற்றோரிடம் ஏன் படித்துக் காட்டவில்லை என்று அமைதியாக, மரியாதையாக, மூன்று தடவை கேட்டாள். எனக்கு அந்தத் துணிச்சல் வராது. நான் கேட்டிருந்தால் காவலாளியே வெளியே அனுப்பியிருப்பார்.

நான் சொல்லி வந்திருந்த சமையல்காரம்மா தொட்டியைச் சுற்றி வந்து காலால் ஒரு தட்டு தட்டினார். "இத்தனை நாள் நீ மேல இருந்தே, நான் கீழ இருந்தேன். இப்ப இறங்கிட்டியா?"

போட்டோகிராபர் சிரித்ததில் முதல் படம் ஆடிவிட்டது.

மார்ச் 21, சனி

மூன்றாம் பக்கம்! தொட்டிக்குப் பக்கத்தில் சமையல்காரம்மா, இடுப்பில் கை. முதல் வரியிலேயே அவர் மேல் குற்றமில்லை என்று. கடைசியில், "ஒரு இல்லத்தரசியின் வலைப்பூ இதைத் தொடர்ந்து கவனித்து வந்தது."

இவர் சத்தமாகப் படித்தார். "அந்த 'ஒரு இல்லத்தரசி'கிட்ட ஒரு டீ கிடைக்குமான்னு கேட்டுச் சொல்லு."

போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கொஞ்சம் கூடவே.

மார்ச் 24, செவ்வாய்

நிருபரிடமிருந்து ஒரு கவர். உள்ளே அவள் எழுதிய செய்திகளின் துண்டுகள், வெவ்வேறு வருஷங்களில் வந்தவை. கூடவே ஒரு சீட்டு: "பிறகு அம்மா, இதெல்லாம் நான் பாதியில் விட்டது. சரிபாதி பிரித்துக்கொள்வோமா? ஏதாவது 'இன்றைக்கு' நடந்தால் எனக்குச் சொல்லுங்கள்."

பிஸ்கட் டப்பா போதாது. பெரியதாக ஒன்று பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

பெண்கள் விடுதியில் சமையல்காரம்மாவுக்கு வேலை. நாற்பது பேர். விடுதிக்காரர் பேப்பரைக் காட்டித்தான் கூப்பிட்டாராம். "மூணு அடுப்பு தங்கச்சி! ஒண்ணு சரியா எரியல, பரவால்ல." பள்ளிக்கூடம் இன்னும் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யோசிக்க வேண்டும் என்கிறார், மிடுக்காக.

வேண்டுதல் பலித்தவற்றுக்கென்று தனியாக வைத்திருக்கும் நன்றி டப்பாவுக்குத் துண்டை மாற்றினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சமையல்காரம்மா ஒரு பெரிய பாத்திரம் காய்கறி சூப் கொடுத்தனுப்பினார். வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. சமையல் கணக்கில் இன்று எழுத ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா பேத்தியோடு வந்தார். மணம் இழுத்திருக்க வேண்டும். ஆளுக்கொரு கிண்ணம் வைத்தேன். குழந்தை மூக்குவரை நனைத்துக்கொண்டு குடித்தது. அக்கா ஸ்பூனை வழித்துவிட்டுக் கேட்டார், "யாரு செஞ்சது? உன் கைப்பக்குவம் இல்லியே இது."

சொன்னேன். யார் என்று சொல்லாமல் முதலிலேயே ஊற்றியது தவறுதான். வரிசையில் நான் இன்னும் தேறவில்லை.

அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். இவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"பாதியை நீயே குடிச்சுட்டு எங்களுக்கு இத்தனூண்டு ஊத்துனியா?" என்றார் அக்கா. "இன்னும் இருக்கா?"