உன் ரூட்டருக்குள் போன மதியம்

மாப்ளே,

உன் ரூட்டரை அணைத்துப் போட்டதும் விசிறியிலிருந்து சூடேறிய தூசி வாடை வந்தது. திருச்சுழியில் சுற்று ஊர்களுக்கு இணைப்பு கொடுக்கும் உன் இன்டர்நெட் கடைக்கு எப்போது வந்தாலும் அடிக்கிற வாடைதான். நாற்காலியில் நீ இல்லை, அவ்வளவுதான். கேபிளை என் லேப்டாப்பில் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தேன். கோழி கிளறிய குப்பை மாதிரி ஒரே கிறுக்கல். சிரிப்பு வந்தது.

அது உன் வேலை. ரூட்டரும் லேப்டாப்பும் ஒரே வேகத்தில் பேசினால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும். ஊரெல்லாம் ஒரு வேகம் வைத்தால் நீ வேறொன்று வைப்பாய். அருப்புக்கோட்டையில் ஒன்றாக வேலை பார்த்த காலத்திலேயே ஏனென்று கேட்டிருக்கிறேன். "ஏலே, எவனாச்சும் கேபிளோட வந்தா மண்டையப் பிச்சுக்கிட்டுப் போகணும்ல" என்றாய். பாஸ்வேர்டையும் ஒருவரிடமும் சொன்னதில்லை. கட்டிய மனைவிக்கே தெரியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று சொல்லிவிட்டுப் போகவா உனக்கு நேரம் இருந்தது?

நேற்றுத் தங்கச்சி போன் செய்தாள். "அண்ணே, பரளச்சில புதுசா கனெக்சன் கேக்குறாக. ரூட்டருக்குள்ள போக முடியாம எத்தன பேரத் திருப்பி அனுப்ப? கடைய வித்துருன்னு அவுக அண்ணன் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நான் விக்கமாட்டேன்." உன் மனைவி இவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை. காலையில் மதுரையிலிருந்து பஸ் ஏறிவிட்டேன்.

வேகத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில் ஒருவழியாக எழுத்து தெளிந்தது. மறுபடி அணைத்துப் போட்டு, ரூட்டர் கண் விழிக்கும்போதே குறுக்கிட்டு, பாஸ்வேர்டோடு நீ சேமித்து வைத்த ஏற்பாட்டைப் படிக்காமலே எழும்படி அதன் தொடக்க எண்ணை மாற்றினேன். எழுந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளையாக நின்றது. அந்த வெறும் நிலையையே கைதவறிச் சேமித்துவிட்டால், ரெட்டியபட்டியிலிருந்து பரளச்சி வரை நீ வீடு வீடாகப் போட்டுவைத்த ஏற்பாடு அத்தனையும் அழிந்துபோகும். பிறகு விற்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

"மொதல்ல தண்ணி குடிங்கண்ணே" என்றாள் தங்கச்சி. குடித்துவிட்டு, நீ சேமித்திருந்ததை வரவழைத்தேன். ஒரு வரி குறையாமல் வந்தது. உன்னைத் திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தொடக்க எண்ணைத் திருப்பி வைக்கும்போது, அந்தக் கோணல் வேகத்தையும் உன் வழக்கப்படியே வைக்கப் போனேன். உன் நினைவாக இருக்கட்டுமே என்று ஆசை. அவளிடமும் சொன்னேன்.

"வேணாம்ணே. எல்லாரும் வைக்கிறதையே வைங்க. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆனா யாராச்சும் உள்ள வரணும்ல."

உன்மேல் கோபத்தில் சொல்லவில்லை. அவள் சொன்னபடியே வைத்தேன். புதுப் பாஸ்வேர்டை அவளே தட்டினாள். சேமித்து முடித்ததும் அதை என்னிடம் வாய்விட்டுச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் நீ எனக்குச் சொல்லாததை, நான் கேட்காமலே சொல்லிவிட்டாள். மறந்துவிடக் கூடாதே என்று பஸ்ஸில் மதுரை வரும்வரை மனதுக்குள் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன், மாப்ளே.