குழாயின் வாலை அறுத்தவனுக்கு

அன்பு மகனுக்கு,

பின் அறைச் சுவரை நனைத்தது நீதான். நலம் விசாரித்துவிட்டு இதைச் சொன்னால் நலத்தோடு மடித்து வைத்துவிடுவாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நலம். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருக்கு முட்டி வலி படியேறும்போது மட்டும்தான், அதனால் படியேறுவதையே விட்டுவிட்டு வலி குணமாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் சுவர் என்று ஆரம்பித்ததும் உன் பக்கம் சிக்னல் போய்விடுகிறது, பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் திரும்பி வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

பின் அறையில் குடியிருக்கும் பெண்ணை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாய். தெருவில் அவளை நர்ஸம்மா என்கிறார்கள், அவள் நர்ஸ் இல்லை, ஆஸ்பத்திரி வார்டில் எழுந்திருக்க முடியாதவர்களைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்கவைக்கிற வேலை அவளுக்கு. வேலையை முடித்துவிட்டு வந்து அந்தச் சீருடையைத் துவைத்துக் காயப்போட்டு மறுநாள் அதையே போட்டுக்கொண்டு போகிறவள். போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு நாள் நீ போன் செய்தபோது என் கையெல்லாம் சோப்பு, ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், வாசலில் அவளும் நின்றாள், எதிர்வீட்டு பேங்க் மேனேஜரும் நின்றார். "அவங்களுக்கு வீட்டை வெச்சுக்கத் தெரியலம்மா, ஈரத்துணியை ரூமுக்குள்ள காயப்போட்டா சுவர் பூஞ்சை பிடிக்காம என்ன பண்ணும், இந்த மாதிரி ஆளுங்களுக்கு வீடு விட்டதே தப்பு" என்றாய். ஸ்பீக்கரில் இருக்கிறது என்று நான் சொன்னேன், "இருக்கட்டும், கேக்கட்டும்" என்றாய். அவள் கேட்டாள். மேனேஜரும் கேட்டார், அவர் மூலமாகத் தெருவும் கேட்டது. இந்த மாதிரி ஆள் என்றால் எந்த மாதிரி ஆள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உன் தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரைக் குளிப்பாட்டியதும் இந்த மாதிரி ஆள்தான், நாம் யாரும் இல்லை.

அவள் ஏன் அறைக்குள் காயப்போட்டாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டது நீ. குடியிருப்பவர்கள் மேலே போனால் தண்ணீர்த் தொட்டியைத் திறப்பார்கள், சோலார் தட்டைத் தொடுவார்கள் என்று சாவியையும் உன்னோடு விமானத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். துணிக்கொடியை மேலே பூட்டி வைத்துவிட்டு, துணியை உள்ளே காயப்போட்டாள் என்று குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம். நீ பேசிய மறுநாள் அந்தப் பூட்டை நானே சுத்தியால் உடைத்தேன். அப்பா கீழே நின்றுகொண்டு, "பையன் வந்தா என்ன சொல்றது" என்று கேட்டார், உங்க பொண்டாட்டி உடைச்சான்னு சொல்லுங்க என்றேன். அன்றிலிருந்து அவள் துணி முழுக்க மாடியில்தான் காய்கிறது, அறைக்குள் ஒரு கைக்குட்டை கூட இல்லை. சுவர் காய்ந்ததா என்றால் இல்லை. மழை வந்ததும் இன்னும் ஒரு முழம் மேலே ஏறியது ஈரம், கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தாள். பெயின்டரைக் கூப்பிட்டேன், அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, "மொத்தத்தையும் கொத்திப் பூசிட்டு மேல ஒரு கெமிக்கல் அடிச்சா பத்து வருஷத்துக்குக் கவலை இல்லம்மா" என்றார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன், "அது பிளம்பர் வேலை" என்றார்.

அப்புறம் ஒரு மத்தியானம் நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவிலிருக்கும் சந்தில் போய் நின்றேன். மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் சுவரோடு சுவராக வந்து தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிடுகிறது, மாடியில் விழுந்த மழை அத்தனையும் அந்த வாய் வழியாக அவள் அறைச் சுவரின் காலிலேயே கொட்டுகிறது. கொட்டிக் கொட்டி அங்கே ஒரு சட்டி அளவுக்குப் பள்ளம், பள்ளத்தில் செங்கல் தெரிகிறது. அதற்கு நேர் உள்பக்கம்தான் அவள் கட்டிலின் தலைமாடு. முதலில் அந்தக் குழாய்க்கு நீளமான வால் ஒன்று இருந்தது, சுவரோரமாகவே போய் கேட் பக்கத்துச் சாக்கடையில் விழும். நீ லீவில் வந்தபோது வாடகைக்கு எடுத்த பெரிய கார் உள்ளே வரவில்லை என்று அந்த வாலை அறுக்கச் சொல்லி, அந்த இடத்தில் சிமென்ட் மேடும் போட்டாய். கார் நின்றது உன் லீவு முடியும்வரைக்கும். தண்ணீர் அன்றிலிருந்து இன்றுவரை விழுகிறது. ஒரு காருக்காக ஒருத்தியின் படுக்கையை நனைத்துவிட்டு அவளுக்கே சுத்தம் கற்றுக்கொடுத்தாய்.

இதை உன்னிடம் மெதுவாகத்தான் சொன்னேன், அதற்கு நீ சண்டை போடாமல் இன்டர்நெட்டில் ஒரு மடிப்புக் குழாய் வாங்கி அனுப்பினாய், ரொம்ப நல்ல பேர் வாங்கிய சரக்கு என்றாய். அதன் கதையையும் கேள். இழுத்தால் நீளும், சரிதான், இழுத்துச் சாக்கடைவரை கொண்டுபோய் வைத்தோம். வெயில் ஏறியதும் ஆமை தலையை இழுத்துக்கொள்கிற மாதிரி தானாகவே சுருங்கிச் சுருங்கிச் சுவரோரத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. அப்பா இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அழுத்தினார், மடிப்புக்குள் சேறு தங்கிக் கொசு முட்டையிட்டது, கோடை முடிவதற்குள் மடிப்பு மடிப்பாக வெடித்து, விரலால் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பிறகு அப்பா தன் மூளையைக் காட்டினார், சலவை மிஷினிலிருந்து தண்ணீரை வெளியேற்றுகிற குழாயை வாங்கி வந்து மாட்டினார். விட்டம் பாதிகூட இல்லை, முதல் மழையிலேயே நாலு இலை அடைத்து, தண்ணீர் இறங்க வழியில்லாமல் மாடியிலேயே தேங்கிப் படிக்கட்டு வழியாக ஹாலுக்குள் வந்தது. "ஏன், வீடு கழுவின மாதிரி ஆச்சே" என்றார் உன் அப்பா. இவரோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

மூன்றாவது தடவை நானே ஹார்டுவேர் கடைக்குப் போனேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன், மிதிப்பதற்கு ஆள் வேண்டும். மறுபடி நேர்க் குழாய் போடலாமே என்று கடைக்காரர் கேட்டார். உன் சிமென்ட் மேட்டைச் சுற்றி, மாடிப்படி மூலையில் திரும்பி, கேட் ஓரமாகப் போக வேண்டும், அத்தனை திருப்பத்துக்கும் எல்போ என்கிற வளைவு மூட்டு வைத்தால் எல்போவுக்கு எல்போ குப்பை நிற்கும், அதனால் வளைகிற குழாய்தான் வேண்டும் என்றேன். விதவிதமாக எடுத்துப் போட்டார். இறங்குகிற குழாயின் வாய் எவ்வளவு அகலமோ அதே அகலம், அதற்குக் குறைந்ததை ஒதுக்கச் சொன்னேன். உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், வெளியே வரிவரியாக இருந்தாலும் உள்ளே வழவழப்பாக இருந்தால்தான் சேறு நிற்காது. வளைத்துப் பார்த்தேன், வளைக்கிற இடத்தில் நசுங்கி வாயை மூடிக்கொள்வதை எல்லாம் திருப்பிக் கொடுத்தேன். அப்பாவை ஏறி நிற்கச் சொன்னேன், ஏறினார், கடைக்காரர், "சார், டான்ஸ் வேற ஆடிக் காட்டுவீங்களா" என்றார். கடைசியில் தடித்த கறுப்புக் குழாய் ஒன்று தேறியது. உள்ளே இருக்கிற புதுச் சுருளைக் கொண்டுவந்தார், நான் கடைக்கு வெளியே வெயிலில் மாதக்கணக்காகத் தொங்குகிற சாம்பிள் துண்டைக் கழற்றித் தரச் சொன்னேன். "பழசை யாரும்மா கேப்பாங்க" என்றார். புதுசு எல்லாம் நல்லாத்தான் இருக்கும், வெயில்ல கிடந்தா என்ன ஆகும்னு பழசுகிட்டதானே கேக்க முடியும் என்றேன். அமுக்கினேன், முறுக்கினேன், நகத்தால் கீறினேன். நிறம்தான் கொஞ்சம் வெளுத்திருந்தது, மற்றபடி அசையவில்லை. அந்த ரகத்திலேயே புதுச் சுருளை வாங்கினோம்.

மாட்டியதும் நானும் அவரும்தான். இணைப்புக்கு டேப் சுற்றவில்லை, இரும்புக் கிளாம்ப் போட்டு முடுக்கினோம், தரையோடு அசையாமலிருக்க வளைந்த கம்பிகளை அடித்தோம், சாக்கடையை நோக்கி ஒரே சரிவாக, நடுவில் தொய்வு இல்லாமல் இருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். பள்ளத்தில் மண் போட்டு மிதித்து, வெளிப்பக்கம் சாய்வாக மேடாக்கினோம். மாடியில் குழாய் வாயில் இலை போகாமல் கம்பிவலை. எதிர்வீட்டு மேனேஜர் வந்து பார்த்து, "என்னம்மா இது, வாசல்ல கறுப்புப் பாம்பு மாதிரி கிடக்கு, தெரு லட்சணமே போச்சு" என்றார். பாம்புன்னு தெரியுதில்ல, மிதிக்காம போங்க என்றேன். புரோக்கரும் வந்தார், அறையைப் பார்க்க ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு. அறை காலி இல்லை என்றேன். "வீடு உங்க பையன் பேர்லதானேம்மா இருக்கு" என்றார். வீடு அவன் பேர்ல இருக்கு, வீட்டுல நான் இருக்கேன் என்று சொல்லி, நீ மாட்டச் சொன்ன வாடகைப் பலகையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். கோபப்படுவாய், பட்டுக்கொள். அவளை வெளியே அனுப்ப வேண்டும் என்றால் நீ நேரில் வந்து அவள் கட்டிலைத் தூக்க வேண்டும், அதற்கு முன்னால் என்னைத் தாண்டி வர வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மூன்று மழை பெய்துவிட்டது. சுவர் காய்கிறது, பூஞ்சையைச் சுரண்டினேன், திரும்ப வரவில்லை. கட்டிலைப் பழையபடி சுவரோரம் போட்டுக்கொள் என்று அவளிடம் சொல்லப் போனேன். அவள் அட்டைப்பெட்டியில் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறை பார்த்திருக்கிறாளாம், ஜன்னல் இல்லாத அறை, மூன்று பேரோடு. ஏன் போகிறாய், ஈரம்தான் நின்றுவிட்டதே என்று கேட்டேன். "தண்ணி நின்னுடுச்சும்மா, பேச்சு நிக்கல. கடைக்குப் போனா, நீங்கதானே சுவரை நாசம் பண்ணினவங்கன்னு கேக்கறாங்க" என்றாள். உன் தப்பு இல்லை, என் பையன் அறுத்த குழாய்தான் காரணம், தெருவெல்லாம் நானே சொல்கிறேன் என்றேன். "நீங்க சொல்லுவீங்கம்மா. என்னைத் திட்டினது நீங்க இல்லையே" என்றாள். அவள் திரும்பிப் பாத்திரத்தை அடுக்க ஆரம்பித்தாள். அந்தப் பெட்டிகள் நிரம்புவதற்குள் உனக்கு இது கிடைக்க வேண்டும் என்றுதான் கூரியரில் அனுப்புகிறேன்.

நீ நன்றாக இரு, உன் குடும்பம் நன்றாக இருக்கட்டும், உன் கைக்கு வேலையும் வேலைக்கு மதிப்பும் குறையாமல் இருக்கட்டும், திட்டினாலும் என் ஆசீர்வாதம் உனக்குத்தான். பேத்திக்குக் காது வலி என்று மருமகள் சொன்னாள், குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக் கூட்டிக்கொண்டு போ, மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. அப்பா, கடையில் தன்னை மிதிக்க வைத்ததை உனக்கு எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், எழுதிவிட்டேன். இப்போது நான் சொல்வதைச் செய். அவள் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டில்தான் இருப்பாள். நீ போன் செய், நான் ஸ்பீக்கரில் போடுகிறேன், மேனேஜரையும் வாசலுக்குக் கூப்பிட்டு நிறுத்துகிறேன். அன்றைக்குப் பேசிய அதே குரலில், அதே சத்தத்தில், குழாயை அறுத்தது நான், உங்கள் மேல் தப்பில்லை என்று அவளிடம் சொல். எந்தச் சாயங்காலம் பேசுகிறாய் என்று மட்டும் எனக்குச் சொல்.

உன் அம்மா