பல் டாக்டர் அறைக்கு வெளியே நீ நின்ற நாள்

ஸ்வான் ஃபோர்க், நெப்ராஸ்கா
ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கோரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே பாஸ்டனில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறாய் என்று கேட்டால்தான் எங்களுக்கு இதுவும் உடம்பில் ஒட்டும். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் பாதியில் ஏதாவது கேலி பேசி நழுவிவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். காகிதத்தில் நழுவ முடியாது.

கன்று போடுகிற காலம் என்பதால் அப்பா வீட்டில் இருக்கிற நேரமே கம்மி. போன வாரம் திரும்பவும் பனி கொட்டியது, நனைந்து விறைத்துப்போன ஒரு கன்றைத் தூக்கிக்கொண்டுவந்து என் சமையலறையில் அடுப்புக்கு முன்னால் படுக்கவைத்துவிட்டார். அது எழுந்து நின்று செய்த முதல் காரியம் நான் துடைத்துவைத்த தரையை அசிங்கம் பண்ணியதுதான். அதைக்கூட அவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உன் அறையில் ஜன்னலோரம் ஒழுகியதை அடைத்தாயிற்று. ஏலக் கொட்டகையில் மாட்டு விலை நன்றாகப் போகிறது, அதனால் அங்கே கேன்டீனில் சமைக்கிற எனக்கும் கை ஓயவில்லை, வியாழக்கிழமையானால் கறியும் பீன்ஸும் போட்ட குழம்பு ஒரு அண்டா, இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோல் தட்டுத் தட்டாக, எல்லாம் மத்தியானத்துக்குள் காலி. இதெல்லாம் எழுத வேண்டும் என்று எழுதவில்லை கண்ணு, எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு நீ அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். பல் படிப்புக்குப் போக வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டாயாம், கணக்குப் படிப்புக்கு மாற இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடப்போகிறாயாம். அவர் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். அப்புறம்தான் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு மிச்சத்தைச் சொன்னார். "இன்னொண்ணும் சொன்னா, லவான். எங்கம்மாவே என்னை உள்ள விடலை, இனிமே எவ விடுவான்னு கேட்டா." நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மாவு புளித்துப் பொங்கி வீணாகிக் கடைசியில் குப்பைக்குத்தான் போனது.

மார்ச்சில் பல் டாக்டரிடம் அன்றைக்கு நீ பார்த்தது உனக்குத் தெரியும், என் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படி. நீ அங்கே பாஸ்டனில், பக்கத்தில் நின்று வேலையைப் பார்க்க விடுங்கள் என்று எத்தனை பல் டாக்டர்களுக்கு எழுதினாய் என்று எனக்குத் தெரியும். சிலர் பதிலே போடவில்லை, சிலர் எங்களிடம் ஏற்கெனவே கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்றார்கள், ஒருத்தி போனை எடுத்து நீ பேரைச் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாள் என்று நீயே சொல்லி அழுதாய். டாக்டர் பக்கத்தில் நின்று வேலையைப் பார்க்காதவளின் விண்ணப்பத்தைப் பல் கல்லூரியில் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள், ஆனால் நிற்க விடுகிற டாக்டர் யாரும் இல்லை. உங்கள் குடும்ப டாக்டரையே கேள் என்று கடைசியில் எல்லாரும் கைகாட்டினார்கள். அதனால்தான் மார்ச் விடுமுறைக்கு உன் சிநேகிதிகள் எல்லாம் கடற்கரைக்குப் போனபோது நீ மட்டும் பனியில் இங்கே வந்தாய். வாரத்தில் செவ்வாயும் புதனும்தான் நம் ஊருக்கு வருகிறார் நோவோட்னி டாக்டர், அவரும் மனசார ஒத்துக்கொண்டார். "தாராளமா வந்து நில்லும்மா. ஆனா நாற்காலியில உக்காந்திருக்கிறவங்க சரின்னு சொன்னாத்தான் உள்ள வரணும், அது என் வழக்கம்" என்றார். திங்கட்கிழமை சாயங்காலமே நீ நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்துவிட்டு, எந்த ஷூ சத்தம் போடாது என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கூடத்தில் நடந்து நடந்து பார்த்தாய். நான் பார்த்துச் சிரித்தேன்.

கோரின், எனக்கு மேல் வரிசையில் ஒரு பல்கூடக் கிடையாது. பல் செட். அப்பாவைக் கட்டிக்கொள்வதற்கு முந்தைய கோடையிலிருந்து. உன் தாத்தா பண்ணையில் பல் வலி என்றால் வலித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள், விட்டு விட்டு எல்லாம் சொத்தையானபின் அந்தக் காலத்து டாக்டர் ஒவ்வொன்றாகச் சரிபண்ணினால் செலவு கட்டுப்படியாகாது என்றார், சரி, எல்லாத்தையும் பிடுங்கித் தொலையுங்கள் என்று என் அப்பா சொல்லிவிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயில் துண்டை வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது உன் அப்பாதான், அதனால் அவருக்குத் தெரியும். ஆனால் செட் இல்லாத என் வாயை இத்தனை வருஷத்தில் அவருக்குக்கூடக் காட்டியதில்லை. நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் இருக்கிறேன் என்று சின்ன வயதில் நீ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாயே, அது இதற்குத்தான். எல்லாரும் சோளக்கதிரை அப்படியே கடித்துத் தின்னும்போது நான் கத்தியால் சீவித் தட்டில் போட்டுக்கொண்டு எனக்கு இப்படித்தான் பிடிக்கும் என்பேனே, அதுவும் இதற்குத்தான். நீ பல் டாக்டர் ஆகப்போகிறேன் என்று முதல் தடவை சொன்ன நாளிலிருந்து, ஊரான் வாயில் கையை விடவா உன்னைப் பெற்றேன் என்று வாரத்துக்கு ஒரு தடவை உன்னைக் கேலி பண்ணினேன். அது கேலி இல்லை, பயம். நீ படித்துவிட்டு வந்து முதலில் என் வாயைத்தான் பார்ப்பாய் என்ற பயம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கேன்டீனில் மிளகு அரைத்துக்கொண்டிருந்தேன், ஒரு தும்மல் வந்தது பார், பல் செட் பறந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் விழுந்து ரெண்டாகப் பிளந்துவிட்டது. நல்லவேளை, கொட்டகைக்கு யாரும் வந்திருக்கவில்லை. ரெண்டு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு, கழுத்துத் துணியை மூக்கு வரைக்கும் சுற்றிக்கொண்டு, வழியில் கையாட்டினவர்களுக்குப் பதிலுக்குத் தலையைக்கூட ஆட்டாமல் டாக்டரிடம் ஓடினேன். நீ அங்கே இருப்பாய் என்பது எனக்கு மறந்துபோகவில்லை, நீ பின்னாலே எங்கேயாவது இருப்பாய், பத்து நிமிஷத்தில் ஒட்டி வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். டாக்டர் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எல்லாரையும் கேட்கிற மாதிரி என்னையும் கேட்டார், "உங்க பொண்ணுதான் இன்னைக்கு நிக்கிறா, உள்ள கூப்பிடட்டுமா லவான்?" என்று. வாய்க்கு மேலே கையை வைத்துக்கொண்டு, "யாரு வேணா நிக்கட்டும் டாக்டர், அவ மட்டும் வேண்டாம்" என்றேன். அந்தக் கதவு ஒழுங்காகச் சாத்தாது என்பதும் நீ அதற்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறாய் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு அடுத்து உட்கார வந்தவள் எல்டா சிக்கோரா. அவள் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. "பெத்தவளே வேண்டாங்கறா, எனக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?" என்று வரவேற்பு மேஜையில் பெவர்லியிடம் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாளாம். காத்திருந்தவர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு அவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். நம் ஊரில் ஒரு மாடு எந்தப் பக்கம் திரும்புகிறதோ மந்தை முழுக்க அந்தப் பக்கம்தான். நீ சாயங்காலம் வரைக்கும் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாய். நான் ஜலதோஷம் என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நீ ஒன்றும் கேட்கவில்லை, சூப்பு வைத்துக்கொடுத்தாய். புதன்கிழமை நீ போகவில்லை, வியாழக்கிழமை விமானம் ஏற்ற டென்வருக்கு அப்பா கொண்டுபோய் விட்டார். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். மாட்டேன். அதுதான் என்னைத் தின்கிறது. நீ அவ்வளவு தூரத்திலிருந்து வந்த ரெண்டு நாளையும் நான் வாரிக் குப்பையில் போட்டுவிட்டேன், அதை இனி நான் எங்கே போய் எடுத்துத் தருவேன்?

போன ஞாயிறு நான் அழுததைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "என்கிட்ட அழுது என்ன புண்ணியம்? உன்னால வேண்டாம்னு சொன்னவங்க இங்க இருக்காங்க, அடிபட்டவ அங்க இருக்கா." சொல்லிவிட்டுக் கன்றுக்குப் பால் கலக்கப் போய்விட்டார். அவர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் இப்படிப் பேசுவார், பேசினால் நமக்குத் தூக்கம் போய்விடும்.

வியாழக்கிழமை ஏலத்தன்று கேன்டீனில் நிற்க இடமில்லை. எல்டா வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். நான் கரண்டியோடு அவள் முன்னால் போய் நின்று, எனக்கு மேல் பல் எல்லாம் செட், அன்றைக்கு உடைந்துபோயிருந்தது, பெற்ற பிள்ளைக்கு முன்னால் வாயைத் திறக்க வெட்கப்பட்டு அவளை வேண்டாம் என்றேன், அவள் மேல் ஒரு குறையும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் மெதுவாகப் பேசுவது எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். கேன்டீன் முழுக்கக் கேட்டுவிட்டது. ஏலம் கூவுகிற டுவேன் குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அட லவான், இதுக்கா இந்தப் பாடு? எனக்கு மேல கீழ எல்லாமே செட்டுதான். பசை போடாம நான் ஏலம் கூவினா முதல் வரிசைக்காரன் தலைக்குக் குல்லா போட்டுக்கிட்டுத்தான் வரணும்" என்றான். அப்புறம் அங்கே ஒருத்தர் கையைத் தூக்கினார், இங்கே ஒருத்தர் கையைத் தூக்கினார், மாடு வாங்குகிற மாதிரி. இவ்வளவு காலம் நான் கதவைப் பூட்டிக்கொண்டு ஒளித்துவைத்தது அங்கே உட்கார்ந்திருந்த பாதிப்பேர் வாயில் இருந்தது. சிரிப்பும் வரவில்லை அழுகையும் வரவில்லை, இந்த வெட்கத்துக்கா என் பிள்ளையை வெளியே நிறுத்தினேன் என்று இருந்தது. எல்டா மட்டும் இறங்கிவரவில்லை. "அதெல்லாம் சரி, என் வாயை எவளும் வேடிக்கை பாக்க வேண்டாம். அதுவும் உன் பொண்ணு பெரிய அதிகாரி மாதிரி என்னை விரட்டினவ" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போதுதான் அங்கே சாப்பிட வந்திருந்த பெவர்லி என்னைப் பாத்திரம் கழுவுகிற பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். "உனக்குத் தெரியாதா லவான்? நீ அவ மட்டும் வேண்டாம்னு சொன்னது எனக்கே கேட்டுது, அவளுக்குக் கேக்காதா? மூஞ்சி வெளுத்துப்போச்சு பாவம். அந்தக் கதவு வழக்கம்போல ஒரு சாண் திறந்துதான் கிடந்தது, எட்டிப் பாத்திருந்தா எல்லாம் தெரிஞ்சிருக்கும். அவ பாக்கலை. எல்டா பாத்ரூம் போற சாக்குல வந்து கழுத்தை நீட்டினா. உன் பொண்ணு அந்தச் சந்துக்கு முதுகைக் கொடுத்து மறைச்சு நின்னுக்கிட்டு, மன்னிக்கணும் மேடம், பாத்ரூம் அந்தப் பக்கம்னா. நீ எந்திரிக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரலை. டாக்டர் அதைப் பாத்தாரு. அந்தப் பொண்ணு திரும்ப வருமான்னு இன்னும் வாராவாரம் என்னைக் கேக்குறாரு."

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, அந்த அடியை வாங்கிக்கொண்டு, அதே நிமிஷத்தில் நீ என் மானத்துக்குக் காவல் நின்றிருக்கிறாய். நான் உன்னைக் கதவுக்கு வெளியே தள்ளினேன், நீ அந்தக் கதவையே எனக்காகச் சாத்திக்கொண்டு நின்றாய். என்னை மன்னித்துவிடு கோரின். இதை எந்தக் கேலியும் சேர்க்காமல் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

ஒட்டின பல் செட் ஆடுகிறது, புதிதாகப் பண்ண வேண்டும். அதற்கு முதலில் செட்டைக் கழற்றிவிட்டு வெறும் வாயில் அச்சு எடுப்பார்களாம். ஜூன் மாதம், உன் கல்லூரி முடிந்த வாரத்துக்கு அடுத்த செவ்வாயைப் பெவர்லியிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். டுவேனும் மற்றவர்களும் நீ நிற்கலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள், அந்தக் கோடை முழுக்க நீ நிற்கும் அளவுக்கு ஆள் இருக்கிறது, எல்டாவைத் தவிர. அதற்காக நீ படிப்பை மாற்றக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், அந்த உரிமையை நானே தொலைத்துவிட்டேன். கணக்குதான் படிக்கப்போகிறாய் என்றால் அதையும் மனசு நிறைந்து படி. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் வா. டாக்டர் கேட்பார், நான் சரி என்பேன். நீ நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து விளக்குக்குப் பக்கத்தில் நில். உன் அப்பாகூடப் பார்க்காததை நீ பார்.

எங்கே இருந்தாலும், என்ன படித்தாலும், உன் கையும் மனசும் இப்படியே இருக்க வேண்டும் என்று உன்னை நினைத்துக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொள்கிறேன், நல்லபடியாக இரு. அங்கே இன்னும் குளிர் விடவில்லை என்று கேள்விப்பட்டேன், கம்பளிக் காலுறையை இப்போதே பெட்டியில் கட்டிவைத்துவிடாதே. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடு. நீ வந்து நிற்கிற வரைக்கும் நான் அந்த நாற்காலியில் உட்காரப்போவதில்லை, செட் ஆடினால் ஆடட்டும்.

அன்புடன்,
உன் அம்மா
லவான்