மூடிப்போன துளைகளை எண்ணாதவள்

இன்று என் மருமகள் சோப்பு வைக்க ஒரு சிப்பி வாங்கி வந்தாள். காது மாதிரி வளைந்த ஓடு, உள்ளே மயில்கழுத்து நிறம், ஓரமாக வரிசைத் துளைகள். கையில் வாங்கியதும் துளைகளைத்தான் எண்ணினேன். உன்னோடு பழகியவள் வேறு என்ன செய்வேன்?

பிரெஞ்சுக்காரன் நம் ஊரைவிட்டுக் கப்பலேறி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கல்லூரி விலங்கியல் துறையில் கண்ணாடி அலமாரிப் பொருள்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் வேலை உனக்கு, தட்டச்சு எனக்கு. உன் சித்தப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்த ஓடு ஒன்று, பாம்பன் பக்கமிருந்து வந்தது இன்னொன்று. இரண்டும் காது நத்தைதான், ஆனால் ஒரே இனமில்லை என்றாய். சைகோன்காரி நீளம், வழவழப்பு. பாம்பன்காரி குட்டை, சொரசொரப்பு. பாரிசில் படித்த, நாம் 'முசியே' என்று கூப்பிடும் துறைத் தலைவரோ துளைகளை எண்ணிவிட்டு, "ரெண்டுலயும் இருபதுக்கு மேல இருக்கு. ஒண்ணு தாய், ஒண்ணு குட்டி. ஒரே சீட்டு எழுதும்மா" என்றார்.

நீ துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, ஒவ்வொரு துளையிலும் விட்டுக் காட்டினாய். நத்தை வளர வளரப் பழைய துளைகள் தூர்ந்துபோகும். கடைசிச் சிலதில்தான் மூச்சு; அது எத்தனை என்பது இனத்துக்கு இனம் மாறும். ஒன்றில் ஆறு இடத்தில் குச்சி நுழைந்தது, மற்றதில் நாலே இடத்தில்.

"மூடிப்போனத எண்ணி இன்னா பண்றது முசியே? மூச்சு உடறத எண்ணுங்க."

அறையே சிரித்துவிட்டது. அதுதான் வினையானது. மறுநாள் காலைக்குள் மன்னிப்புக் கடிதம், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லியனுப்பினார். உன் சம்பளத்தில்தான் உங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. நான் பயந்தாங்கொள்ளி. "எழுதிக் குடுத்துடுடி, ஒரு ஓட்டுக்காகவா?" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நீ தட்டு, நான் சொல்றேன்" என்றாய்.

பிரெஞ்சில் தட்டினேன். அடேயப்பா, மன்னிப்பு என்ற சொல்லே அதில் இல்லை! "ஒன்றில் ஆறு, மற்றதில் நான்கு. குச்சி மேசை மேல் இருக்கிறது. இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்." கையெழுத்தைப் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் குருசுக்குப்பம் பக்கம் வீட்டுக்கு நடந்துபோனாய். வேலை போயிற்று.

போன மாதம் உன் காரியத்துக்கு வந்தவர்கள், "பாவம், வீம்பு புடிச்சி வாழ்க்கையக் கெடுத்துக்கிச்சி" என்றார்கள். பாவமாம்! தையல் மிஷினை மிதித்தே மூன்று தம்பிகளைப் படிக்கவைத்தவளைப் பார்த்தா? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பந்தலில் எழுந்து நின்று கத்தினேன்: "அவ எண்ணினதுதான் சரி. உங்கள்ல ஒருத்தராவது எண்ணிப் பார்த்தீங்களா?"

அன்று உன் கையைப் பிடித்து அழுதவள்தான்டி கத்தினேன். இனியும் கத்துவேன்.